நாய் ஒன்றைக் கொன்றுவிட்டது, மிச்சமுள்ள மூன்று கூஸ் வாத்துகளை எப்படிக் காப்பது?

வெண்சிறகு:
எல்லோருக்கும் வணக்கம். நான்கு கூஸ் வாத்துகள் வளர்த்துவந்தேன். ஒரு நாள் குஞ்சுகளாக வந்தவை, இப்போது ஏழு மாதம் ஆகிறது. நேற்று விடியற்காலையில் ஒரு நாய் வேலியைத் தாண்டி வந்து பெட்டை ஒன்றைக் கொன்றுவிட்டது. இன்னொரு பெட்டைக்கு முதுகிலும் தொடையிலும் கடி. ஆண் வாத்து போட்ட சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"கூஸ் இருந்தால் வீட்டுக்குக் காவலே வேண்டாம், அது தன்னையும் பார்த்துக்கொள்ளும், உங்களையும் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதை நம்பி இரவிலும் வெளியே விட்டிருந்தேன். சுற்றிலும் மூன்றடி வேலி உண்டு. அது போதும் என்று நினைத்தது என் தவறு. மிச்சம் மூன்றையும் இழக்க முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கால்நடைத்தோழி:
வேலியை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்தப் பெட்டை. இன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாய்க்கடி வெளியில் சின்னத் துளையாகத்தான் தெரியும், இறகு அதையும் மறைத்துவிடும். உள்ளே தோல் சதையைவிட்டுப் பிரிந்திருக்கும். பறவைக்கு நுரையீரலோடு சேர்ந்து காற்றுப்பைகளும் உடம்பெங்கும் உண்டு. முதுகுக் கடி ஆழமாக இறங்கினால் அது கிழிந்துவிடும். காயத்தைச் சுற்றி விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். தோலுக்கடியில் காற்று நொறுநொறுவென்று நகர்ந்தால் உடனே கிளம்பிவிடுங்கள். நாயின் வாயிலிருந்து இறங்கும் கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், அதை மருத்துவர்தான் எடைபார்த்துத் தரவேண்டும். மனிதருக்கான வலிமாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

போகும்வரை: இருட்டான, சத்தமில்லாத, கதகதப்பான இடம். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு கரைத்துக் காயத்தைக் கழுவுங்கள். பிசுபிசுப்பான களிம்பைப் பூசவேண்டாம். அது இறகில் பரவி நீர் ஒட்டாத தன்மையைக் கெடுத்துவிடும். ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். இறகுக்கடியில் அது நடப்பது நமக்குத் தெரியவே தெரியாது. காயம் மூடும்வரை நீச்சலும் வேண்டாம்.

இன்னொன்று, தனியறையில் தன்னந்தனியாகப் போட்டுவிடாதீர்கள். கூஸ் கூட்டமாக வாழும் பிறவி. மற்ற இரண்டும் கண்ணில் படுகிற மாதிரி நடுவில் ஒரு வலை வைத்துப் பிரித்தால் போதும். துணை தெரிந்தால்தான் அது தீனி எடுக்கும்.

வெண்சிறகு:
நன்றி அக்கா. இப்போதே கிளம்புகிறேன்.

குளத்தங்கரை:
பதினெட்டு வருடமாக வளர்க்கிறேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் முதல் வருடத்திலேயே நடந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கூஸ் காவல் காக்கும் என்பது பாதி உண்மை. கி.மு. 390-இல் ரோமின் காப்பிடோலியக் குன்றில் கால் (Gaul) என்ற இனத்தைச் சேர்ந்த படை இரவில் ஏறியபோது யூனோ கோயில் வாத்துகள் கத்தி ஊரைக் காப்பாற்றின என்று ஒரு பழைய கதை உண்டு. ஸ்காட்லாந்தில் டம்பார்டன் என்ற இடத்தில் விஸ்கிக் கிடங்குகளுக்கு 1959-லிருந்து 2012 வரை கூஸ் கூட்டம்தான் காவல். இரண்டிலும் வாத்து செய்தது ஒரே வேலை, கத்தியது. எழுந்து வந்து எதிரியைத் தடுத்தவர்கள் மனிதர்கள். அதற்குக் கண்ணும் காதும் கூர்மை, குரல் பெரிது, அவ்வளவுதான். அலகில் சதையைக் கிழிக்கும் வலு இல்லை. காலில் நகம் இருந்தும் ஆயுதம் இல்லை. இறக்கை மூட்டால் ஓங்கி அடிக்கும், அது கீரியையோ பூனையையோ விரட்டலாம். நாயும் நரியும் அதற்கெல்லாம் நிற்காது.

கோழி இருட்டினால் உயரத்தில் ஏறிக்கொள்ளும். கூஸ் தரையில்தான் படுக்கும். உடம்பு கனம், நின்ற இடத்திலிருந்து சட்டென்று மேலே எழும்ப முடியாது. வேலிக்குள் நாய் வந்துவிட்டால் அந்த வேலியே அதற்குப் பொறியாகிவிடும். உங்கள் மூன்றடி வேலி வாத்தை உள்ளே வைக்கக் கட்டியது. எதிரியை வெளியே வைக்க வேண்டுமென்றால் ஐந்து, ஆறு அடி வேண்டும்.

ஆனால் வேலியைவிட முக்கியம் இரவில் அடைப்பது. மழையோ காய்ச்சலோ விருந்தாளியோ, எதுவாக இருந்தாலும் இருட்டுவதற்குள் எண்ணி உள்ளே விட்டுத் தாழ்போட வேண்டும். என் வீட்டில் வாத்தை அடைக்காமல் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. வந்த நாய் நிச்சயம் திரும்பி வரும். இன்று இரவு ஒரு குளியலறையிலாவது அடைத்துவையுங்கள்.

பச்சைப்புல்:
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. என்னுடைய பதினொரு வாத்துகள் ஆண்டு முழுவதும் திறந்தவெளியில்தான் இருக்கின்றன. குளத்தின் நடுவில் ஒரு திட்டு உண்டு, இரவில் அங்கே போய்விடும். ஆறு வருடத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. மாறாக, அடைத்து வளர்க்கும் வீடுகளில் நான் பார்த்தது என்ன? ஈரமான தரை, கண் எரிகிற அமோனியா நெடி, பாதத்தில் கொப்புளம். பாதுகாப்பு என்ற பெயரில் நோயைக் கொடுக்கிறோம்.

குளத்தங்கரை:
//ஈரமான தரை, கண் எரிகிற அமோனியா நெடி//

இது நியாயமான பேச்சு. கொட்டகைக்குள் நீங்கள் குனிந்து வாத்தின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு மூக்கு எரிந்தால் அதற்கு இரவு முழுவதும் எரிகிறது என்று பொருள். ஒரு வாத்துக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் இடம், தலைக்கு மேலே காற்றுப்போக வலை போட்ட திறப்பு, தரையில் காய்ந்த வைக்கோலோ மரச்சீவலோ. ஈரமானதை அன்றன்றைக்கு எடுத்துவிட்டு மேலே புதிதாகப் பரப்பினால் நெடி வராது. தண்ணீர்ப் பாத்திரம்தான் தரையை நனைக்கும் முதல் காரணம், அதை ஒரு சட்டத்தின் மேல் வைத்து அடியில் வடிகால் விடுங்கள். பாதக் கொப்புளம் பெரும்பாலும் கடினமான தரையாலும் ஈரத்தாலும் வருவது.

திட்டு விஷயம்: ஆழமான நீர் சூழ்ந்த திட்டு நல்ல அரண்தான். வீட்டில் நாலு வாத்து வளர்ப்பவருக்கு அது கிடையாது. உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன், நாய் நீந்தும். கோடையில் நீர் வற்றும்போது, குளிர்நாட்டில் குளம் உறையும்போது அந்தத் திட்டு திட்டாக இருக்காது. அடைகாக்கும் பெட்டை முட்டையை விட்டு நகராது, அதுவும் கரையில் கூடு கட்டியிருந்தால் இரவில் அகப்பட்டுக்கொள்ளும்.

பச்சைப்புல்:
அடைகாக்கும் பெட்டை பற்றி நீங்கள் சொன்னது சரி. போன முறை ஒன்று கரையில்தான் கூடு கட்டியது, சுற்றிலும் வலை நட்டு நாங்கள் மாறிமாறிப் பார்த்துக்கொண்டோம். அந்த இருபத்தெட்டு, முப்பது நாளும் தூக்கமில்லை. சிறிய இடத்தில் வளர்ப்பவர்கள் அடைக்கத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். காற்றுக்கும் காய்ந்த தரைக்கும் இடம்விட்டுக் கட்டுங்கள் என்பதுதான் என் கவலை.

இரும்புக்கொண்டி:
கொட்டகை கட்டுவது என் தொழில், பறவைக்கூடும் கட்டித் தருவேன். எல்லோரும் செய்யும் தவறு வலை. ஆறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாய் உள்ளே வராமல் தடுக்காது. நரி அதைப் பல்லால் கிழித்துவிடும். கீரி, எலி போன்றவை கண் வழியாகவே நுழையும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை, வாங்குங்கள். அதை ஆணியால் அடிக்காமல், மேலே ஒரு மரப்பட்டை வைத்துத் திருகாணியால் முடுக்குங்கள். வலை நன்றாக இருந்து ஆணி பிடுங்கிக்கொண்ட கூடுகளைத்தான் நான் அதிகம் சரிசெய்திருக்கிறேன்.

தோண்டி வருவதற்கு: சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை, இரண்டு அடி அகலத்துக்கு வலையைத் தரையோடு படுக்கவைத்து, மேலே கல்லோ மண்ணோ போடுங்கள். தோண்டுகிற விலங்கு எப்போதும் சுவரை ஒட்டித்தான் தோண்டும், பின்னால் இரண்டடி தள்ளிப் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. ஆழமாகக் குழி வெட்டிப் புதைப்பதைவிட இது சுலபம்.

கதவுக்குச் சும்மா கொக்கி போடாதீர்கள். அசைத்து அசைத்தே கழற்றிவிடும் விலங்குகள் உண்டு. தூக்கி, பிறகு இழுத்து என்று இரண்டு செயல் வேண்டியிருக்கிற தாழ்ப்பாள் நல்லது. கதவின் அகலம் மூன்றடிக்குக் குறையக் கூடாது. கூஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுமையாகப் போகாது, எல்லாம் சேர்ந்துதான் நுழையும். குறுகலான கதவில் நெரிசலாகிக் கால் முறிந்த வாத்தை ஒருமுறை பார்த்தேன். வாசற்படி உயரமும் வேண்டாம், சரிவுப் பலகை வையுங்கள்.

வெண்சிறகு:
மருத்துவரிடம் போய்வந்தேன். காற்றுப்பை தப்பியது. இரண்டு தையல், ஐந்து நாள் மருந்து. இரண்டு இரவாக மூன்றும் வீட்டின் பின்னறையில் இருக்கின்றன. செத்துப்போன பெட்டையை ஆண் வாத்து தேடிக்கொண்டே இருக்கிறது. பெட்டை இறந்த இடத்தில் நின்று கூப்பிடுகிறது. கேட்க முடியவில்லை.

ஒரு சந்தேகம். வெளிச்சம் குறைந்ததும் தானாக மூடும் கதவு விற்கிறார்களே, அதைப் போடலாமா? சில நாள் வேலைமுடிந்து வர நேரமாகிவிடுகிறது.

குளத்தங்கரை:
கூப்பிடுவது சில வாரம் இருக்கும். கூஸ் ஜோடி சேர்ந்தால் வருடக்கணக்கில் விடாது. தீனி எடுக்கிறதா, எடை குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். மற்ற இரண்டையும் அதோடு சேர்த்தே வையுங்கள்.

தானியங்கிக் கதவு கோழிக்குச் சரி. கோழி பொழுது சாய்ந்ததும் தானே கூட்டுக்குப் போகும், கூஸ் அப்படிப் போகாது. நிலா வெளிச்சத்தில் நள்ளிரவிலும் மேயும். கதவு நேரத்துக்கு மூடிக்கொள்ளும், வாத்து வெளியே நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி ஒரே இரவில் ஐந்து போயின, வீட்டுக்காரர் கதவு மூடியிருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நேரமாகும் நாளில் அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கேட்டுவையுங்கள், அல்லது காலையிலிருந்தே மேலே வலை போட்ட முற்றத்தில் விட்டுப் போங்கள்.

பழக்குவது கடினமில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே குரல், இரண்டு கையிலும் நீளக் குச்சி. அடிப்பதற்கல்ல, கையை நீட்டிக்கொள்வதற்கு. பின்னால் மெதுவாக நடந்தால் தானே நகரும். அவசரப்படுத்தினால் சிதறிவிடும். உள்ளே இருட்டாக இருந்தால் வாசலிலேயே நின்றுவிடும். அதனால் உள்ளே ஒரு சின்ன விளக்கு, ஒரு பிடி தீனி. மூன்று வாரத்தில் உங்கள் குரலுக்கே வரும்.

தோட்டவாசல்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறாள். ஆண் வாத்து இரண்டு மாதமாக அவளைக் கண்டால் கழுத்தைத் தாழ்த்திச் சீறிக்கொண்டு வருகிறது. இதுவும் பாதுகாப்புக் கேள்விதானே? கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கால்நடைத்தோழி:
கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் என்றால் பெட்டை முட்டையிடும் காலமாக இருக்கும். அப்போது ஆண் எல்லாரிடமும் அப்படித்தான், பருவம் முடிந்தால் தணியும். அதுவரை குழந்தையைத் தனியாக அதன் பக்கம் விடாதீர்கள். நாலு வயதுக் குழந்தையின் முகம் வாத்தின் அலகு உயரத்தில் இருக்கிறது, கண்ணுக்கு ஆபத்து. நடுவில் ஒரு வேலி போட்டுவிடுங்கள், கூட்டுப் பக்கம் யாரும் போகவேண்டாம்.

பெரியவர்கள் திரும்பி ஓடக்கூடாது. ஓடினால் அது துரத்தி ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளும். நிமிர்ந்து நின்று கைகளை அகல விரித்து, முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெல்ல நகருங்கள். உதைப்பதும் அடிப்பதும் அதன் கோபத்தை வளர்க்கும். தூக்க வேண்டிவந்தால் இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள், ஒரு கை அடியில் தாங்கட்டும். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், அந்தக் கனத்துக்குக் கால் மூட்டு பிசகிவிடும். தொட்ட பிறகு குழந்தை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், நன்றாகத் தெரிகிற வாத்திடமும் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

தோட்டவாசல்:
மனசு லேசாகிவிட்டது, நன்றி. நாளைக்கே வேலி போடுகிறோம்.

அன்னக்குஞ்சு:
நாய், நரியைப் பற்றியே பேசுகிறோம். நான் இழந்தவை எல்லாம் வீட்டுக்குள்ளேயே, என் கையாலேயே போனவை. சொன்னால் இன்னொருவருக்கு உதவும்.

முதலாவது, தண்ணீர். வாத்துக்குஞ்சுதானே என்று பத்து நாள் குஞ்சுகளை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் விட்டுவிட்டு உள்ளே போனேன். வந்து பார்த்தால் இரண்டு மூழ்கியிருந்தன. தாயோடு வளரும் குஞ்சுக்குத் தாயின் இறகு எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். நாம் வளர்க்கும் குஞ்சின் மென்மயிர் நனைந்து கனத்துவிடும், வழுக்கும் சுவரில் ஏறவும் முடியாது. இறகு முளைக்கும்வரை கூட இருந்து சில நிமிடம் மட்டும், ஏறிவரச் செங்கல் படி வைத்து, பிறகு துடைத்துக் கதகதப்பில் விட வேண்டும். குடிக்கும் பாத்திரம் மட்டும் மூக்குத் துளை முழுகும் ஆழம் வேண்டும். கண்ணையும் மூக்கையும் கழுவ முடியாவிட்டால் அடைத்துக்கொள்ளும். நடுவில் கூழாங்கல் போட்டால் குஞ்சு உள்ளே விழாது.

இரண்டாவது, தரை. செய்தித்தாள் விரித்தேன், வழுக்கி ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிட்டது. முதல் வாரம் சொரசொரப்பான துணி விரியுங்கள். வெப்பம் முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். விளக்கை அதன் ஒயரில் தொங்கவிடாதீர்கள், தனியாகச் சங்கிலி போடுங்கள். வைக்கோலில் விழுந்தால் வீடே எரியும்.

மூன்றாவது, அது நம் காலடியிலேயே வரும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரென்ஸ் 1930-களில் கூஸ் குஞ்சுகளிடம் பார்த்து எழுதிய பழக்கம்தான், முட்டையிலிருந்து வந்ததும் எதை முதலில் பார்க்கிறதோ அதையே தாயாக நினைத்துத் தொடரும். பின்வாங்கிக் கால் வைக்கும்போது குனிந்து பார்த்துவிட்டு வையுங்கள். இதற்கு மேல் எழுத எனக்கு முடியவில்லை.

கால்நடைத்தோழி:
எழுதியதற்கு நன்றி. குஞ்சுத் தீனி பற்றி நான் சேர்க்கிறேன். கோழிக்குஞ்சுத் தீனி மட்டும் கொடுத்தால் நயாசின் என்ற பி3 வைட்டமின் போதாது, வாத்துக் குஞ்சுக்கு அது கூடுதலாக வேண்டும். இல்லையென்றால் கால் வளையும். புரூவர்ஸ் ஈஸ்ட் என்ற ஈஸ்ட் தூளைத் தீனியில் கலந்தால் சரியாகும். மூன்று வாரத்துக்குப் பிறகும் புரதமும் தானியமும் அளவுக்கு மீறினால் இறக்கை நுனி வெளிப்பக்கம் திரும்பிவிடும். ஆரம்பத்திலேயே பார்த்தால் இறக்கையை மடித்து சில நாள் கட்டி, தீனியைக் குறைத்துப் புல்லில் விட்டால் திரும்பும். வளர்ந்த பிறகு திருந்தாது. ரொட்டி போடுவதை நிறுத்துங்கள்.

பூஞ்சை பிடித்த தீனியைக் கோழி தாங்கினாலும் வாத்து தாங்காது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தபோதுதான் கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருப்பது தெரியவந்தது, அப்போது வாத்துக்குஞ்சுகளும் மடிந்தன. கட்டிதட்டிய தீனியை உதறிக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், அப்படியே கொட்டிவிடுங்கள்.

இரும்புக்கொண்டி:
கட்டுமான வேலை நடந்த இடத்தில் வாத்தை விடுவதற்குமுன் காந்தம் வைத்துத் தரையைத் துழாவுங்கள். ஆணி, வெட்டிய கம்பித்துண்டு, பளபளப்பது எல்லாவற்றையும் விழுங்கும். என் வேலையால் வருகிற ஆபத்து, அதனால் சொல்கிறேன். நைலான் நூலையும் பொறுக்கிவிடுங்கள்.

பச்சைப்புல்:
புல்லுக்கு யாராவது களைக்கொல்லி அடித்தார்களா என்று கேட்டுவிட்டு மேயவிடுங்கள். கூஸ் நாள் முழுக்கப் புல் தின்கிற பறவை, கோழிபோல இரண்டு கொத்துக் கொத்திவிட்டுப் போகாது. எலி விஷமும் நத்தை மருந்தும் வைத்த தோட்டத்துப் பக்கமே விடாதீர்கள். நின்று நாறும் குட்டையும் அப்படித்தான். அழுகலிலும் அதில் நெளியும் புழுவிலும் பாட்டுலிசம் விஷம் இருக்கும், கழுத்து துவண்டு செத்துப்போகும்.

வெண்சிறகு:
பறவைக்காய்ச்சல் பற்றியும் கேட்கலாம் என்றிருந்தேன். பக்கத்து நீர்நிலைக்குக் காட்டு வாத்துகள் வருகின்றன.

கால்நடைத்தோழி:
கட்டாயம் கவனிக்க வேண்டியது. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் எச்5என்1 வகை முதலில் கண்டறியப்பட்டதே 1996-இல் சீனாவின் குவாங்டாங்கில், ஒரு வளர்ப்புக் கூஸ் வாத்திடம்தான். தீனியும் குடிநீரும் கூரைக்குக் கீழே இருக்கட்டும், காட்டுப் பறவைகளை இழுப்பது அவைதான். அந்த நீர்நிலைக்கு உங்கள் வாத்துகளை விடாதீர்கள், அங்கிருந்து தண்ணீரும் எடுக்காதீர்கள். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். செத்த காட்டுப் பறவையை வெறுங்கையால் தொடவேண்டாம். திடீரென்று ஒன்றுக்கு மேல் செத்தால் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்காமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அடைத்துவைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் கேளுங்கள்.

வெண்சிறகு:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கொட்டகை முடிந்தது. அரை அங்குல வலை, வெளிப்பக்கம் இரண்டடி படுக்கை வலை, மூன்றரை அடிக் கதவு, மேலே காற்றுக்குத் திறப்பு. வேலியை ஆறடியாக உயர்த்தினேன். பெட்டையின் காயம் ஆறி இறகு முளைக்கிறது. நேற்று முதல்முறையாக நான் குச்சி எடுக்காமல், கூப்பிட்டதும் மூன்றும் உள்ளே போயின. ஆண்தான் முன்னால் போனது.

நான்கு நாள் முன்பு அந்த நாய் மறுபடி வந்தது. சுவரடியில் பாதம் பதித்துத் தோண்டிய தடம் இருக்கிறது, வலை தட்டுப்பட்டதும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. உள்ளே மூன்றும் நன்றாக இருந்தன.

இரும்புக்கொண்டி:
தோண்டிய இடத்தை மண் போட்டு மூடி ஒரு கல்லை வையுங்கள். அப்புறம், இரவில் ஒருவரை வெளியே டார்ச்சோடு நிற்கச் சொல்லி, நீங்கள் உள்ளே நின்று கதவைச் சாத்திச் சுற்றிலும் பாருங்கள். வெளிச்சம் எந்த இடுக்கில் உள்ளே வருகிறதோ அதில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அங்கே இன்னொரு பட்டை அடிக்க வேண்டும்.

வெண்சிறகு:
இன்று இரவே பார்க்கிறேன் அண்ணா.

வெண்சிறகு:
பார்த்தோம். கீல் பக்கம் ஒரு இடுக்கு, கூரை மூலையில் ஒன்று. இரண்டையும் அடைத்துவிட்டேன்.